கடற்பசுவின் கொம்பு

அடுத்த வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் அகிலாண்டம் டீச்சருக்கு சாக்பீஸ் கையில் நிற்காது. நட்சத்திர மீன் பாடத்துக்கு 'முட்தோலிகள்' என்று போர்டில் எழுத ஆரம்பித்தவள் 'முட்தோ'வோடு நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. அங்கே முத்துத்தாய் டீச்சர் நண்டு எப்படி நடக்கும் என்று நடந்து காட்டுகிறாள் போலிருக்கிறது. பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த 'ஏ' பிரிவுப் பெண்களோ, நம் தலையெழுத்து இப்படி ஆகிவிட்டதே என்ற முகத்தோடு அகிலாண்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நண்டுக்கு எத்தனை ஜோடிக் கால்?" என்று அதட்டினாள்.

"அஞ்சு டீச்சர்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது. சரியான பதில். அவள் வகுப்பில் எப்போதும் சரியான பதில்தான் வரும். சிரிப்புதான் வராது.

கோரிப்பாளையம் முக்கில் இறங்கி தர்காவைத் தாண்டி உள்ளே போனால் வருகிற அந்தப் பெண்கள் பள்ளியில் அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். கடல் பாடம் என்றால் அகிலாண்டம்தான் என்று இத்தனை காலமும் பேர். லேப் அலமாரியில் ஃபார்மலினில் ஊறிக்கொண்டிருக்கிற கடல்குதிரை, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் அவள் சேர்த்தவை. வருஷா வருஷம் தை அமாவாசைக்குக் கணவர் ஹாலாஸ்யத்தோடு ராமேஸ்வரம் போவாள். அவர் தர்ப்பணம் முடித்து எழுவதற்குள் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கி, டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் ஒளித்து எடுத்து வருவாள். அந்த அடுக்கில் அப்புறம் தயிர் சாதம் வைக்க முடியாது என்று வீட்டில் ஒரு மாசம் சண்டை நடக்கும். அதையெல்லாம் பார்த்தால் கடல்குதிரை கிடைக்குமா?

அவளுக்கென்று ஒரு ஆசை இருந்தது. பி.எஸ்ஸி. விலங்கியலில் காலேஜுக்கே முதலாவதாக வந்தவள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்தது. அதே வாரம் ஹாலாஸ்யத்தின் ஜாதகமும் வந்தது. இரண்டில் ஜாதகம்தான் பொருந்தியது. அன்றிலிருந்து, கடலின் அடியில் என்ன இருக்கிறதென்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ராமேஸ்வரத்தில் மூன்று முழுக்குப் போட்டு நிமிர்வதற்குள் "ஈரத்துணியோட அங்கே என்ன வேடிக்கை?" என்று ஹாலாஸ்யம் கூப்பிட்டுவிடுவார். கடலும் அவளும் இத்தனை வருஷமாக இடுப்பளவோடு சரி.

இப்படிப்பட்டவளின் பாடத்தைத்தான், போன ஜூனில் வேலைக்குச் சேர்ந்த முத்துத்தாய் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்று அகிலாண்டம் சொல்வாள். உண்மையில் தலைமையாசிரியை 'பி' பிரிவை மட்டும் பிரித்துக் கொடுத்ததுதான். முத்துத்தாய்க்கு உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. வீட்டில் முதல் பட்டதாரி. சிரிக்க ஆரம்பித்தால் வராந்தாக் கடைசிவரை கேட்கும். அவள் கடலைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அகிலாண்டத்தின் வயிற்றில் தணல் போட்ட விஷயமே அதுதான்.

"கடலையே பார்க்காதவ கடலை நடத்தறா. கேட்கவே நன்னாயிருக்கு!" என்று அவள் தலைமையாசிரியை அனந்தலக்ஷ்மியிடம் போய்ச் சொன்னாள்.

"நடத்தட்டுமே. குழந்தைகள் கேட்கறதே!" என்று அனந்தலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தைகள் கேட்டது உண்மைதான். அகிலாண்டமே ஒரு நாள் ஜன்னல் ஓரம் நின்று, போகிற போக்கில் நிற்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு கேட்டாள். பரவை, சமயநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்கள் அந்த வகுப்பில் அதிகம்.

"நம்மூருக் கண்மாயில நெனச்ச நேரத்துல எறங்கி மீன் பிடிச்சிருவமா?" என்று முத்துத்தாய் கேட்டாள்.

"மாட்டோம் டீச்சர்! தண்ணி வத்துனப்பெறகு ஊருப் பெரியவரு துண்ட வீசணும். அப்பறந்தான் எல்லாரும் எறங்கணும்" என்று செல்லத்தாய் என்கிற பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"அதுக்கு முந்தி ஒருத்தன் எறங்குனா?"

"அபராதம் டீச்சர்!"

"கடலுக்கும் அதேதாண்டி. மீனு முட்ட போட்டு, குஞ்சு பொரிச்சு, ஒரு அளவுக்கு வளந்தப்பெறகு துண்ட வீசுனா கடல் என்னைக்கும் கடலா இருக்கும். ஆனா அம்புட்டுப் பெரிய கடலுக்கு ஊருப் பெரியவரு யாரு? அங்கதான் வெனையே. ஆளாளுக்கு ஒரு துண்ட வச்சுக்கிட்டு, ஆளாளுக்கு வீசுறாய்ங்க."

வகுப்பு சிரித்தது. சிரித்துவிட்டு யோசித்தது. அகிலாண்டத்தின் வகுப்பில் 'கடல்வளப் பாதுகாப்பு' என்பது ஐந்து பாயிண்டு. எழுதிவிட்டால் ஐந்து மார்க். கடலைப் பற்றி யாரும் அதற்கு மேல் கவலைப்பட்டதில்லை. துண்டு வீசுகிற கதை தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே அகிலாண்டம் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அவள் எந்தக் கண்மாயில் இறங்கினாள்? மீனைத் தொட்டதுகூட ஃபார்மலினுக்குள் போன பிறகுதான்.

ஒரு தடவை அவள் 'பி' பிரிவுப் பெண்களை வழியில் நிறுத்தி, "உங்க டீச்சரைக் கேளுங்களேன், நடுக்கடல்ல தண்ணி என்ன நிறம்னு" என்று கொளுத்திப் போட்டாள். அவர்களும் போய்க் கேட்டார்கள். "எனக்கென்னம்மா தெரியும்? நான் பாத்ததே இல்லையே. பாத்தா நாம எல்லாரும் சேந்துதான் பாக்கணும்" என்றாளாம் முத்துத்தாய். அவமானப்படுவாள் என்று பார்த்தால் அன்று சாயங்காலம் அவள் தலையில் பெண்கள் கொடுத்த இரண்டு முழம் மல்லிகை ஏறியிருந்தது. இதைவிடக் கொடுமை, அகிலாண்டம் பொறுக்கி வந்த நட்சத்திர மீனை வகுப்புக்கு இரவல் வாங்கிப் போனவள் அதற்கு ரோகிணி என்று பேர் வைத்துவிட்டாள். அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு லேபைத் தாண்டிய பெண்கள் இப்போது எட்டிப் பார்த்து, "ரோகிணி நல்லாருக்கா டீச்சர்?" என்று அகிலாண்டத்தையே விசாரித்தார்கள். செத்துப் பத்து வருஷமான ஜந்து அது. ஆனாலும் அவளுடைய ஜந்து இல்லையா? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த நிலைமையில்தான் எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரைத் திருவிழா நெருங்கியது. அனந்தலக்ஷ்மி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். தமுக்கம் பொருட்காட்சியில் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு கொட்டகை போடுகிறார்களாம். இவர்களுக்குக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊரிலிருந்து கடல்வள அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, மே மாதம் நடக்கிற கடற்கரை முகாமுக்குப் பத்துப் பெண்களையும் கூடப் போக ஒரு டீச்சரையும் அவரே தேர்ந்தெடுப்பாராம்.

"தீவுக்கெல்லாம் கூட்டிண்டு போவாளாம். அடியில கண்ணாடி பதிச்ச படகாம். உக்காந்த இடத்துலேர்ந்தே கடலுக்கு அடியில இருக்கறதெல்லாம் தெரியுமாம்" என்றார் அனந்தலக்ஷ்மி.

அகிலாண்டம் மேஜைப் பக்கம் ஓரடி நகர்ந்தாள். "ஒரு டீச்சர்தானா?" என்று கேட்டாள்.

"ஒருத்தர்தான். ஸ்டாலை ரெண்டு பேரும் பாதிப் பாதியாப் பண்ணுங்கோ. மத்தது அவர் இஷ்டம்."

வெளியே வந்ததும் முத்துத்தாய், "கண்ணாடிப் படகாம்ல அக்கா! கேக்கையிலேயே புல்லரிக்குது" என்று அவள் கையைப் பிடித்தாள். அகிலாண்டம் கையை நாசூக்காக உருவிக்கொண்டாள். இவளுக்கு நான் எந்த ஊர் அக்கா என்று எரிச்சலாக வந்தது. அந்தப் படகில் உட்கார்ந்து இவள் கெக்கேபிக்கே என்று சிரிக்கிற காட்சி கண்முன்னால் வந்தபோது எரிச்சல் இன்னும் ஏறியது.

ஸ்டாலில் தன் பாதிக்கு அவள் ஜாடிகளையெல்லாம் துடைத்து, புதிதாக லேபிள் ஒட்டி, பவளப்பாறை எப்படி வளர்கிறது என்று அளவு பிசகாமல் படம் வரைந்தாள். முத்துத்தாயின் பாதிக்குப் பெண்கள் மூங்கில் சிம்பும் செய்தித்தாளும் கோதுமைப் பசையுமாகக் கொண்டுவந்து வராந்தாவை நாறடித்தார்கள். கடற்பசு பொம்மை செய்யப்போகிறார்களாம்.

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் முத்துத்தாய் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கை முழங்கைவரை பசை. கக்கத்தில் பாடப்புத்தகம்.

"அக்கா, ஒரு சந்தேகம். புக்குல கடற்பசுவுக்குப் படம் போடல. புல்லு மேயும், குட்டிக்குப் பால் குடுக்கும், அதக் கொல்றது குத்தம்னு ரெண்டு வரியோட விட்டுட்டாய்ங்க. அதுக்குக் கொம்பு உண்டாக்கா?"

அகிலாண்டம் காலேஜ் மியூசியத்தில் பாடம் செய்து வைத்த கடற்பசுவைத் தொட்டே பார்த்தவள். உருண்டையான சாம்பல் உடம்பு, கீழே மடிந்த மொண்ணை மூஞ்சி, முன்னால் துடுப்பு மாதிரி இரண்டு கை. கொம்புமில்லை, காது மடலுமில்லை. 'அசடே, அது பேருக்குத்தான் பசு' என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்தது. வந்த பதிலை மல்லிகைப்பூ தடுத்துவிட்டது. முத்துத்தாயின் தலையில் இருந்த அந்தச் சரம், காலையில் மெஹருன்னிஸா கொண்டுவந்தது. போன வருஷம் ஏழாம் வகுப்பில் அகிலாண்டத்திடம் அறிவியலில் முதல் மார்க் வாங்கிய பெண் அவள். அந்த வருஷம் முழுக்க ஒரு இணுக்குப் பூ கொடுத்ததில்லை.

"பசுன்னா கொம்பு இல்லாமலா?" என்றாள் அகிலாண்டம்.

"அதானே! நான் ஒரு கூறுகெட்டவ, இதப் போயி கேக்க வந்தேன் பாருங்க" என்று முத்துத்தாய் தலையில் தட்டிக்கொண்டு ஓடினாள். தலைமுடியில் பசை ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

அகிலாண்டம் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். கேள்விக்கு நான் கேள்விதானே கேட்டேன்? இருக்கு என்றா சொன்னேன்? ஒரு டீச்சர் என்றால் நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா? வழக்கில் அவள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. மறுநாள் வராந்தாவில் கொம்புகளுக்குத் தங்கக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதிகாரி வரட்டும், எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு முன்னால் இந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் தமுக்கத்தில் எள் போட்டால் விழாது. திருவிழாவுக்கு வந்த சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பொருட்காட்சிக்குள் புகுந்திருந்தது. பள்ளிக்கூடக் கொட்டகையில் கடற்பசு நடுநாயகமாக நின்றது. தலை பசு, வால் மீன். தங்கக் கொம்பு, கழுத்தில் மணி, நெற்றியில் மஞ்சள் குங்குமம். பக்கத்தில் அதே மாதிரி ஒரு குட்டி. கீழே அட்டையில் 'நம் கடலின் பால்பசு. இதைக் கொல்லாதீர்!' என்று கொட்டை எழுத்து.

சிரிப்பார்கள் என்று அகிலாண்டம் காத்திருந்தாள். வந்த முதல் கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"ஏத்தா, இது எந்தக் கோயில் சாமி?"

"சாமியில்ல அப்பத்தா, கடற்பசு. ராமேஸ்வரத்துப் பக்கம் கடல்ல நெசமாவே இருக்கு. பசு மாதிரியே புல்லு மேயும், கன்னுக்குப் பாலு குடுக்கும்" என்றாள் செல்லத்தாய். "கறிக்காக இதப் புடிச்சுக் கொல்றாய்ங்க."

"பாலு குடுக்குற மாட்டையா? வெளங்குவாய்ங்களா!" கிழவி முந்தானையை அவிழ்த்து நாலணாவை அதன் காலடியில், அதாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். ஒரு மீசைக்காரர் தன் மருமகனைக் கூப்பிட்டு, "மாப்ள, இந்தக் கறி எவன் வித்தாலும் வாங்கிறாதீக" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ராமநாதபுரம் பக்கம் பெண் கொடுத்திருந்தாராம்.

அகிலாண்டத்தின் ஜாடிகளுக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. ஜனங்கள் லேபிளைப் பார்த்து, வாசனையைப் பிடித்து, பசுவிடம் போனார்கள். அவள் சொன்ன நிஜத்துக்கு இல்லாத மரியாதை அவள் ஊட்டிவிட்ட பொய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் காகிதப் பொம்மை மேலேயே பொறாமையாக இருந்தது. இருக்கட்டும், கும்பிடுகிறவர்களா ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி சாயங்காலம் வந்தார். வெங்கட்ரமணன் என்று பேர். வெயிலில் கருத்த, அதிர்ந்து பேசாத மனுஷர். பசுவை மறைத்துக்கொண்டு கூட்டம் நின்றதால் அகிலாண்டத்தின் பக்கமே முதலில் வந்தார். ஜாடி ஜாடியாகக் குனிந்து பார்த்தார். பவளப்பாறைப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இதை யாரம்மா வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா ஒரு படம் கிடையாது. எங்கே படிச்சீங்க?"

அவள் சொன்னாள். பரங்கிப்பேட்டையில் இடம் கிடைத்ததையும் சொன்னாள். பதினாறு வருஷத்தில் அதைக் கேட்டவர் யாருமில்லை. வெங்கட்ரமணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மே முதல் வாரம் உங்களால வர முடியுமா? வீட்டில ஒண்ணும் சிரமம் இருக்காதே?"

"இருக்காது சார்" என்றாள். ஹாலாஸ்யம் அந்த வாரம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளட்டும். கண்ணாடிக்குக் கீழே பவளப்பாறை விரிந்து கிடப்பது அவளுக்கு அங்கேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் விலகியது. வெங்கட்ரமணன் திரும்பினார். தங்கக் கொம்பைப் பார்த்தார். கிட்டே போய்த் தொட்டும் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த சில்லறையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"யாரம்மா இதைச் செஞ்சது? கடற்பசுவுக்கு ஏதம்மா கொம்பு?"

பெண்கள் மிரண்டு போய் முத்துத்தாயைப் பார்த்தார்கள். முத்துத்தாயின் முகம் வெளுத்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள் அகிலாண்டம்? ஆனால் அதைச் சந்தோஷமாகப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

"இல்லையா சார்? ஐயோ! எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு சார். அதான் அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சோம்" என்றாள் முத்துத்தாய். மாட்டிவிடவேண்டும் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். "பசுன்னா கொம்பு இல்லாமலான்னு அக்கா சொன்னாங்க. எங்கள்ல அதிகம் படிச்சவங்க அவங்கதான் சார்."

வெங்கட்ரமணன் பேனாவோடு அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் குழப்பம் இருந்தது. அந்தப் படத்தை வரைந்தவளுக்கா கடற்பசு தெரியாது? "மேடம், நீங்க இதைப் பார்த்ததில்லையா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

இனி அவளுக்கு இரண்டே வழிதான். தெரியும் என்றால், தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார். மெஹருன்னிஸா நிற்கிறாள், செல்லத்தாய் நிற்கிறாள், மொத்த 'பி' பிரிவும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்தச் சின்னவள் மேல் எனக்குப் பொறாமை என்று இத்தனை பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? தெரியாது என்றால் பொறாமை தப்பித்துவிடும். மற்றதெல்லாம் போய்விடும்.

"தெரியாது சார்" என்றாள் அகிலாண்டம்.

"படத்தில்கூடப் பார்த்ததில்லையா?"

"இல்லை சார்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே ஒரு மரியாதையாக இருந்தது. முத்துத்தாயைப் பார்த்து, "நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "தப்பு பரவாயில்லை, வந்து நேர்ல பார்த்துத் திருத்திக்கலாம். ஆனா நான் பத்து வருஷமா மேடை போட்டுப் பேசியும் ஒருத்தர்கூட இந்தப் பிராணியைக் கும்பிட்டதில்லை. பிள்ளைகளோட நீங்களே வாங்க" என்று அவள் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பெண்களுக்கு உண்மையான கடற்பசு எப்படியிருக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போனார்.

பெண்கள் குதிப்பார்கள் என்று அகிலாண்டம் நினைத்தாள். குதிக்கவில்லை. அவர்கள் அகிலாண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் எப்போதும் இருக்கிற பயம் இல்லை. கிட்டே வந்தார்கள். மெஹருன்னிஸா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள். முத்துத்தாய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அகிலாண்டத்துக்குக் கையை உருவத் தெம்பில்லை.

"என்னால நீங்க தலகுனிய வேண்டியதாப் போச்சேக்கா. விடுங்க, எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சா என்ன? இப்ப சார் சொன்னார்ல, நான் சொல்றேன் கேளுங்க. அதுக்குக் கொம்பே கெடையாதாம்க்கா. காதுகூட வெளிய தெரியாதாம். முன்னாடி துடுப்பு மாதிரி ரெண்டு கை இருக்குமாம்."

"மூச்சு விட மேல வருமாம் டீச்சர். மீன் மாதிரி தண்ணிக்குள்ளயே மூச்சு விடாதாம்" என்றாள் செல்லத்தாய், சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

"அப்பறம் டீச்சர்," மெஹருன்னிஸா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், "குட்டிக்குப் பால் குடுக்குற எடம் மாடு மாதிரி பின்னாடி இல்லையாம். கைக்குக் கீழ, கக்கத்துக்கிட்ட இருக்குமாம்."

அதன் நுரையீரல் உடம்பின் நீளத்துக்கு ஓடும். மேலுதடு புல்லை வேரோடு பிடுங்கும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு. அதனால்தான் ஒன்றைக் கொன்றால் அது ஈடாகவே ஆகாது. எல்லாம் வரிசையாக வந்து அகிலாண்டத்தின் தொண்டையில் நின்றன. அவளை முதன்முதலாகச் சுற்றி வந்து நின்ற அத்தனை முகங்களும், அவள் புரிந்துகொண்டாளா என்று ஆவலோடு காத்திருந்தன.

"அப்படியா?" என்றாள் அகிலாண்டம்.